யாழ்ப்பாணக் கரையோரமும் பழந்துறைகளும்

கடல்சூழ்ந்த நிலமொன்றின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் கரையோர ஊர்களினின்றே தொடங்குதல் வேண்டும். மத்தியதரைக் கடலின் சிசிலி, சைப்பிரசு, ரோட்ஸ் ஆகிய தீவுகளிலே பல இனத்தார் ஒருவர்பின் ஒருவராக வந்திறங்கி விட்டுச்சென்ற கோயில்களும் கோட்டைகளும் துறைகளுமே அத்தீவுகளுக்குப் பெருமை சேர்த்தன. ஒடுங்கிய நிலப்பகுதியால் ஈழத்தின் பெருநிலத்தோடு இணைந்துள்ள யாழ்ப்பாணக் குடாநாடும், அதன் மேற்கே சிதறிக்கிடக்கும் தீவுகளும் இத்தகைய வரலாறு உடையனவே. ஆயினும், திருகோணமலையைப் போன்ற ஆழ்ந்த இயற்கைத் துறைமுகம் எதுவும் இங்கு இல்லை. பாக்குநீரிணை ஆழங்குறைந்தது, மணற்றிடல்களும் பார்களும் நிறைந்தது. அவ்வாறாகவும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மரக்கலங்கள் இக்கரையை நாடி வந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

குடாநாட்டின் வடகிழக்கில், வெண்மணற் குன்றுகளிடையே வல்லிபுரம் அமைந்துள்ளது. இங்கு 1936 இல் கண்டெடுக்கப்பட்ட பொற்சாசனம் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டது. வசப மன்னன் காலத்தில் நாகதீபம் அமைச்சன் ஒருவனின் ஆட்சியில் இருந்தமையை அது கூறுகின்றது. காற்றினால் இடம்பெயரும் இம்மணலின் கீழே பழைய குடியிருப்பொன்று புதைந்திருந்தமையை அச்சாசனமே முதலிற் புலப்படுத்திற்று எனலாம். அங்கிருந்து வடமேற்கே சென்றால், பருத்தி வாணிகத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் பருத்தித்துறையும், கப்பற்றொழிலிற் பெயர்பெற்ற வல்வெட்டித்துறையும் வரும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையை அடைந்தது. ஏட்டுக் கல்வியாலன்றிக் கைப்பழக்கத்தாலும் பரம்பரை அறிவாலும் வளர்ந்த ஒரு தொழிலின் உயர்ச்சிக்கு இது தக்க சான்றாகும்.

மேற்கு நோக்கிச் செல்லச் செல்ல மணற்கரை மறைந்து சுண்ணக்கற்கரை தோன்றுகின்றது. சுண்ணக்கல்லினூடே கசிந்து செல்லும் மழைநீர் கீரிமலையிற் கடலின் அருகே நன்னீர் ஊற்றாக வெளிப்படுகின்றது. உவர்க்கடலை நெடுநாள் கடந்து வந்தோர்க்குக் குடிநீர் எத்துணை அரிய பொருள் என்பதை எண்ணுமிடத்து, இக்கரையில் துறைகள் எழுந்தமைக்கு ஒரு காரணம் விளங்கும். மாதகலுக்கு அண்மையிலுள்ள சம்பில்துறையே மகாவம்சம் கூறும் சம்புகோளப் பட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தேவநம்பிய தீசனின் தூதுவர் அங்கிருந்தே கப்பலேறினர் என்றும், சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு அங்கே வந்திறங்கினாள் என்றும் அந்நூல் கூறும். உள்நாட்டிலே, கந்தரோடையிற் கிடைத்த உரோமானிய நாணயங்களும் பெருங்கற்காலப் பண்பாட்டுச் சின்னங்களும் இத்துறைகளின் வழியே வந்த தொலைநாட்டுத் தொடர்பையே உணர்த்துகின்றன.

எனினும், நீரும் நிலமும் மட்டும் ஒரு துறையை வாழ்விக்கமாட்டா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகரைக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் தீவுகளால் மறைக்கப்பட்ட ஊர்காவற்றுறை கலங்கள் ஒதுங்குதற்கு ஏற்றதாக விளங்கியது. இத்துறையின் வரலாற்றுக்குத் தலைசிறந்த சான்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டாகும். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) தன் ஆணையைத் தமிழிற் பொறிப்பித்தான். வாணிகர் அறிந்த மொழியில் அது அமைந்தமை கருதத்தக்கது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டார் பாதுகாக்கப்படல் வேண்டும் என்கிறது அக்கல்வெட்டு. யானை, குதிரை ஏற்றிவரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும், மூன்று பங்கு உடையவனுக்கும் உரியனவாகும். ஏனைய சரக்குக் கலம் உடைந்தாற் செம்பாதி பண்டாரத்துக்கும், செம்பாதி உடையவனுக்கும் சேரும். இக்கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் வெளியிட்ட ஆய்வுரை வெளிக்கொணர்ந்தது.

இதன் அருமையைப் பிற நாடுகளின் வழக்கோடு ஒப்பிட்டே உணரலாம். உடைந்த கலத்தின் பொருளைக் கரையை ஆள்வோன் முற்றாகக் கவர்ந்துகொள்ளுதல் பல கடற்கரைகளில் வழக்காயிருந்தது. காகதீய மன்னன் கணபதி 1244 இல் மோட்டுப்பள்ளியிற் பொறிப்பித்த அபய சாசனம், முந்தைய அரசர் அவ்வாறு கவர்ந்ததைக் குறிப்பிட்டு, அவ்வழக்கைக் கைவிடுகின்றது. மத்தியதரைக் கடலில், கலத்தைக் காக்கும்பொருட்டுக் கடலில் எறியப்பட்ட சரக்கின் இழப்பை அனைவரும் பகிர்தல் வேண்டும் என்ற ரோட்ஸ் தீவின் விதி உரோமச் சட்டத்தில் இடம்பெற்றது. நயினாதீவுக் கல்வெட்டு அத்தகைய கடல்நீதி மரபிலே வைத்து எண்ணத்தக்கது. அரசன் யானை, குதிரைகளை விரும்பியதனாலேயே அவற்றைக் கொணர்வோர்க்குக் கூடிய சலுகை அளித்தான் என்பது மெய்யே. ஆயினும், தன்னலத்தை நாடிய அரசனும் அந்நியனுக்கு உறுதியளித்தே அதனைப் பெறவேண்டியிருந்தான். ஆழமற்ற கடலின் குறையை அவ்வுறுதிமொழி ஈடுசெய்தது.

நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்திலும் கடல் வாணிகமே அரசின் வலிமையாயிற்று. 1344 இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, அவ்வரசனின் சிறியவும் பெரியவுமான நூறு கப்பல்களைத் தமிழகக் கரையிலே கண்டதாக எழுதியுள்ளார். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தர் அவர்களை வென்றனர். ஊர்காவற்றுறைக்கு எதிரே நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டையும், ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் அமைத்த யாழ்ப்பாணக் கோட்டையும், நெடுந்தீவின் பவளக்கற் சுவர்களும் இக்காலங்களை நினைவூட்டுவன. வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியாக வந்து கடல் கடந்தன. ஆனால், பழைய உறுதிமொழியின் இடத்தை இப்போது அனுமதிச் சீட்டு பிடித்துக்கொண்டது. கம்பனியின் சீட்டின்றிக் கலம் செல்லுதல் குற்றமாயிற்று.

கடலை எல்லையாக்கும் போக்கு அதனோடு முடிந்துவிடவில்லை. சுதந்திரத்தின்பின் சுங்க, குடிவரவு விதிகள் இறுகின. 1974 இல் பாக்குநீரிணையின் நடுவே கடல் எல்லை வரையப்பட்டது. தொடர்ந்து வந்த போர் துறைகளை மக்களற்றனவாக்கிற்று. 1706 இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் 1990 ஆம் ஆண்டுப் போரிற் கோட்டையினுள்ளே சிதைந்தது. அவ்வாண்டிலேயே தம் ஊரைவிட்டு நீங்கிய மயிலிட்டி மக்களுக்கு அத்துறை 2017 இலேயே மீண்டும் கிடைத்தது. 2023 ஒக்ரோபரிற் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியபோது முதியோர் பலருக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. இடையில் அறுந்த பழைய வழியொன்று மீண்டதாகவே தோன்றிற்று.

ஆகவே, யாழ்ப்பாணத் துறைகளின் வாழ்வும் தாழ்வும் கடலின் ஆழத்தால் அமைந்தன அல்ல. வருவோர்க்கு அளிக்கப்பட்ட உறுதியால் அமைந்தவை என்பது பெறப்படும். அவ்வுறுதிக்குச் சான்று பகரும் எச்சங்கள் பல இன்னும் முறையாக ஆராயப்படவில்லை. மணலுக்காக ஒரு மேடு தோண்டப்படும்போதும், கட்டடத்துக்காக ஒரு பழஞ்சுவர் இடிக்கப்படும்போதும் ஒரு துறையின் வரலாறு அதனோடு அழிந்துபோகலாம். கோட்டைகள் தம் பருமையாற் கண்ணிற் படுவன. அவற்றைக் காப்போரும் உளர். கண்ணிற் படாத சம்பில்துறைகளையும் வல்லிபுரங்களையும் ஊர்தோறும் சென்று அளந்து, பதிந்து, காத்தலே இன்று வரலாறு பயில்வோர் முன்னுள்ள பணியாகும்.