நூக்கலுக்குள் ஒரு கையெழுத்து

நூக்கலை (சில ஊர்களில் நூல்கோல்) கிழங்கு என்றுதானே நினைக்கிறீர்கள்? அது மண்ணுக்கு மேலே உப்பிப்போன தண்டு! மேலே தெரியும் தழும்புகள், இலைகள் முளைத்திருந்த இடங்கள்.

அதைவிட ஆச்சரியம் – முட்டைகோஸ், காலிஃபிளவர், நூக்கல் எல்லாமே ஒரே இனம்! மத்தியதரைக்கடல் பக்கத்துக் காட்டுச்செடி ஒன்றின் வாரிசுகள். இலையை விரும்பியவர்கள் இலை பெருத்த செடியின் விதையைச் சேமித்தார்கள். தண்டை ருசித்தவர்கள், தண்டு பருத்த செடியின் விதையை. தலைமுறை தலைமுறையாக இதே வேலை! 1554-லேயே இத்தாலியத் தாவர நிபுணர் மத்தியோலி நூக்கலைப் பற்றி எழுதிவிட்டார்.

1868-ல் டார்வின் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். இந்த வகைகளின் இலையும் தண்டும் எக்கச்சக்கமாக வேறுபடுகின்றன. விதைகள் மட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஏன்? மனிதன், தான் சாப்பிடுகிற பாகத்தைப் பார்த்துத்தானே பொறுக்கினான்!

சரி, தண்டு பருத்தது எப்படி? 2016-ல் ஆய்வாளர்கள் இந்த இனத்தில் 119 செடிகளின் மரபணுத் தொகுப்பைப் படித்தார்கள். பக்கத்து இனமான டர்னிப் வகையறாவில் 199. மனிதனே இல்லாத காலத்தில், இவற்றின் மூதாதைக்கு மரபணுத் தொகுப்பு மூன்று மடங்காகியிருந்தது. ஒரு நகல் வழக்கமான வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றவை மாறிப்பார்க்க இடம் கிடைத்தது. நூக்கலும் டர்னிப்பும் தனித்தனியாகப் பருத்தபோது, ஒன்றுக்கொன்று உறவான சில மரபணுக்களே இரண்டிலும் தேர்வாகியிருந்தன!

தேர்வு செய்தது யார்? மரபணு என்ற வார்த்தையையே கேள்விப்படாத விவசாயிகள். அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. அடுத்த தடவை நூக்கல் நறுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்... அவர்களுடைய கையெழுத்து அதற்குள்தான் இருக்கிறது!