கால்வெஸ்டன் புயலும் கடலோர மக்களாகிய நாமும்



செப்டம்பர் 8 என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவது வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையின் திருநாளே. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் அன்னையை மன்றாடி, அவளுடைய பிறந்தநாளன்று அக்கரையில் பத்திரமாய் வந்து சேர்ந்தார்கள் என்று நம் முன்னோர் வழிவழியாய்ச் சொல்லி வந்துள்ளனர். அதே செப்டம்பர் 8ஆம் நாள், 1900ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில் இருந்த ஒரு கடலோர நகருக்குக் கண்ணீரின் நாளாயிற்று. கடலை நம்பி வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது. எனவே அதனை இந்த ஜூபிலி மலரில் எடுத்துக் கூற விழைகிறோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவின் ஓரமாக நீண்டு கிடக்கும் மணல் தீவு கால்வெஸ்டன். அன்று அங்கு ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்தனர். பருத்தி ஏற்றுமதியால் செழித்த துறைமுக நகரம் அது. ஆனால் நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 9 அடிக்கும் குறைவு. அதே கரையிலிருந்த இந்தியனோலா என்னும் துறைமுக ஊரை 1875லும் 1886லும் புயல்கள் சின்னாபின்னமாக்கின. அதைக் கண்டு, கால்வெஸ்டனுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும் எனச் சிலர் வற்புறுத்தினர். பேச்சு பேச்சோடு நின்றுவிட்டது. நகரின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் 1891இல் நாளிதழில் எழுதிய கட்டுரையில், புயலால் இந்நகருக்குப் பெருங்கேடு வரும் என அஞ்சுவது வெறும் மயக்கமே என்ற கருத்தை வெளியிட்டார். மக்களும் அதை நம்பினர்.

இவ்வேளையில் கியூபாத் தீவின் ஹவானா நகரில் இயேசு சபையினர் நடத்திய பெலன் கல்லூரி வானாய்வு நிலையத்தை நன்றியோடு நினைவுகூர வேண்டும். அதன் தலைவராய் 1870இல் பொறுப்பேற்ற அருட்தந்தை பெனித்தோ வீஞஸ், மேகங்களின் போக்கையும் காற்றின் திசையையும் நாள் தவறாமல் குறித்து வைத்து, 1875இல் புயல் எச்சரிக்கை ஒன்றை முன்கூட்டியே வெளியிட்டார். குருத்துவப் பணியையும் அறிவியலையும் ஒன்றாய்ச் சுமந்த அவர் 1893இல் இறையடி சேர்ந்தார். அவர் வகுத்த வழியை அவருக்குப் பின்வந்த இயேசு சபையினர் தொடர்ந்தனர்.

1900 செப்டம்பர் முதல் வாரத்தில் புயல் கியூபாவைக் கடந்தது. அது வளைகுடாவுக்குள்ளேயே மேற்கு நோக்கிச் செல்கிறது என்று ஹவானாவில் கணித்தனர். ஆனால் கியூபாவினர் வீண் பீதி கிளப்புகின்றனர் எனக் கருதிய அமெரிக்க வானிலைத் துறை, அவர்களுடைய புயல் செய்திகள் தந்தி வழியே செல்வதைத் தடுத்திருந்தது. புயல் வடகிழக்கே திரும்பிவிடும் என்பது அத்துறையின் கணிப்பு. கண்டவர் சொல்ல முடியவில்லை. கேட்க வேண்டியவர் செவியில் அது ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை கால்வெஸ்டனில் புயல் கொடி ஏற்றப்பட்டது. சனிக்கிழமை விடியலில் காற்று வடக்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. அத்தகைய காற்றில் நீர் வற்ற வேண்டும். மாறாக, கடல் பொங்கித் தாழ்வான தெருக்களில் ஏறிற்று. இது பெரும் ஆபத்தின் அறிகுறி. ஆயினும் அலைகளின் சீற்றத்தை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பிள்ளைகள் தெருநீரில் விளையாடினர். பலருக்கு உண்மை புரிந்தபோது பாலங்கள் துண்டிக்கப்பட்டிருந்தன. இரவில் நீர் 15 அடிக்கு மேல் உயர்ந்தது. கிளைனின் வீடும் இடிந்தது. அவர் தம் மனைவியைப் பறிகொடுத்தார்.

நகருக்கு மேற்கே, கடலை ஒட்டி, மனித அவதாரமான வார்த்தையின் அன்புச் சகோதரிகள் என்னும் சபையினர் நடத்திய புனித மரியா அநாதை இல்லம் இருந்தது. அங்கு 10 கன்னியரும் 93 பிள்ளைகளும் இருந்தனர். நீர் சூழ்ந்தபோது, உறுதியான கட்டடத்தில் பிள்ளைகளை ஒன்றுசேர்த்து, ‘அலைகளின் அரசி’ என்னும் மரியன்னைப் பாடலைப் பாட வைத்தனர். பாடியதோடு நில்லாமல், துணி உலர்த்தும் கயிற்றைத் துண்டு துண்டாய் வெட்டி, சிறு பிள்ளைகளைத் தங்கள் இடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டனர். கட்டடம் சரிந்தது. மூன்று சிறுவர்கள் மட்டுமே பிழைத்தனர். 10 கன்னியரும் 90 பிள்ளைகளும் மாண்டனர். கயிற்றால் பிணைக்கப்பட்ட நிலையிலேயே அவர்களுடைய உடல்கள் கிடைத்தன. இன்றும் அச்சபையினர் ஆண்டுதோறும் செப்டம்பர் 8இல் அப்பாடலைப் பாடி அவர்களை நினைவுகூர்கின்றனர்.

அப்புயலில் இறந்தோர் குறைந்தது 6,000 பேர். 8,000 என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தப்பிப் பிழைத்தவர்களோ ஊரைக் கைவிடவில்லை. 1902 முதல் 1904 வரை 17 அடி உயரக் கடற்சுவரை எழுப்பினர். பின்னர் மணல் நிரப்பி நகரின் தரையையே உயர்த்தினர். 3,000 டன் எடையுள்ள புனித பத்திரிசியார் ஆலயமும் திருகு தாங்கிகளால் ஐந்தடி உயரம் தூக்கி நிறுத்தப்பட்டது. 1915இல் மீண்டும் ஒரு பெரும்புயல் தாக்கியபோது, சுவர் காத்த நகரில் இறந்தோர் மிகச் சிலரே.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2017 நவம்பர் 30ஆம் நாள் குமரிக் கடலில் ஒக்கி புயல் மூண்டபோது, எச்சரிக்கை எட்டுமுன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தோர் பலர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் தாய்மாரும் மனைவியரும் கடலையே பார்த்து நாட்கணக்கில் காத்திருந்ததை நாம் மறக்கலாகாது. ஆழ்கடலில் இருப்பவருக்கும் எட்டாத எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகாது.

ஆபத்து வருவதைக் கண்டு எக்காளம் ஊதாத காவலாளி, இழந்த உயிர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது எசேக்கியேல் இறைவாக்கினர் வழி நாம் பெறும் போதனை. ஊதுவது காவலாளியின் கடமை. கேட்டு நடப்பது மக்களின் கடமை. “மாதா காப்பாற்றுவாள்” என்று சொல்லிக்கொண்டு எச்சரிக்கையை அலட்சியம் செய்வது விசுவாசம் ஆகாது. அக்கன்னியர் செபத்தையும் விடவில்லை, கயிற்றையும் விடவில்லை.

ஆகவே புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் நம் ஆலய மணி ஒலிக்கட்டும், ஒலிபெருக்கி அறிவிக்கட்டும். தொழிலுக்குப் போன படகுகளின் விவரம் வீட்டாரிடமும் பங்கிலும் இருக்கட்டும். முதியோரையும் பிள்ளைகளையும் அயலாரே கைபிடித்து அழைத்து வரட்டும். இந்த ஜூபிலி ஆண்டில் நாம் அன்னைக்குச் செலுத்தும் நல்ல காணிக்கை இதுவே.

கடலின் விண்மீனாம் அன்னை நம் அனைவரையும் காப்பாளாக!

மரியே வாழ்க!