கல்லில் எழுதிய நீரியல்

இஸ்லாமிய உலகின் நீர்ப்பொறியியலைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் நூல்களையே நாடுகிறோம். ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதின் பனூ மூஸா சகோதரர்களையும், 1206இல் தம் நூலை நிறைவு செய்த அல்ஜஸரீயையும் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் ஏட்டில் ஏறாமல் கல்லிலேயே தங்கிவிட்ட அறிவொன்றும் உண்டு.

சாய்வாக நிறுத்திய சலவைக்கல் பலகையில் வளைவும் நெளிவுமாகச் செதுக்கி, அதன்மீது நீரை மெல்லிய படலமாக வழியவிடுவது ஒரு பழங்கலை. அரபு மரபில் இதனை ஷாதிர்வான் என்றனர். திருக்குர்ஆன் 76ஆம் அத்தியாயம் குறிப்பிடும் சுவன ஊற்றின் பெயரால் ஸல்ஸபீல் என்றும் வழங்கினர். சிசிலியின் பலர்மோ நகரில், நார்மன் மன்னர் முதலாம் வில்லியம் 1165ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஸீஸா மாளிகையில் அதனை இன்றும் காணலாம். முகலாயர் அதற்கிட்ட பெயர் சாதர், அதாவது போர்வை. 1641-42இல் ஷாஜஹான் லாகூரில் அமைத்த ஷாலிமார் தோட்டத்தில், மேல்தளத்து நீர் இத்தகைய சலவைக்கல் சாதர் வழியாகவே நடுத்தளத்துக் குளத்தில் இறங்குமாறு அமைக்கப்பட்டது.

இச்செதுக்கல்களை வெறும் அலங்காரம் எனக் கருதுவது பிழையாகும். வழவழப்பான கல்லில் நீர் ஓசையின்றிக் கண்ணாடி போல் வழுக்கிச் செல்லும். மேடு குறுக்கிடும்போதோ நீரோட்டம் கல்லைவிட்டு விலகுகிறது. மேட்டின் பின்புறப் பள்ளத்தில் சிறு சுழல் பிறக்கிறது. எண்ணற்ற சுழல்கள் நீரின் வேகத்தைத் தணிக்கின்றன. காற்றைக் கலந்து நுரையாக்குகின்றன. அதனால் நீர் வெண்மை பெறுகிறது, ஒலி எழுப்புகிறது. காற்றைத் தொடும் பரப்பு பெருகுவதால் ஆவியாதல் மிகுந்து சுற்றுப்புறம் குளிர்கிறது. படிக்கட்டு அமைப்புடைய அணைப் போக்கிகளில் இன்றைய பொறியாளர் நீரின் விசையை அடக்குவதும் இதனையொத்த நெறியிலேயே ஆகும்.

இப்பலகைகளைச் செதுக்கியோர் பெயர்கள் நம் அறிவியல் வரலாறுகளில் இடம்பெறவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற சான்று கல்லும் அதற்கு நீரூட்டும் அமைப்புமே. அதனையும் நாம் காத்தோமில்லை. ஷாலிமாரின் ஊற்றுகளுக்கு நீர் வழங்கிய பழந்தொட்டிகள் 1999இல் சாலையை அகலப்படுத்துவதற்காக இடிக்கப்பட்டன. மறு ஆண்டே யுனெஸ்கோ அதனை ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2012இல்தான் அப்பட்டியலிலிருந்து நீக்கியது.

நீர் ஓடாத சாதர் வெறும் சித்திரக்கல்லே. அந்த உளியின் நோக்கம் நீர் வழியும்போதுதான் விளங்கும். ஆகவே கல்லைப் பேணுவதோடு நீரின் வழியையும் பேணுவது நம் கடமையாகும்.