சிறார் காப்புச் சட்டங்களின் இருநெறி

சிறார் உள்ளத்தைத் தீய வெளியீடுகளினின்றும் வாணிகக் கவர்ச்சியினின்றும் காத்தல் அரசின் கடமை என்னும் கருத்துச் சட்டவடிவம் பெற்ற வரலாற்றில் இருநெறிகள் புலனாகின்றன.

முதலாவது, வெளியீட்டின் பொருளை நோக்கியது. அமெரிக்கக் கொடூரப் படக்கதை இதழ்கள் விளைத்த அச்சத்தால் இங்கிலாந்தில் 1955இல் தனிச்சட்டம் ஒன்று பிறந்தது. மறு ஆண்டில் இந்தியப் பாராளுமன்றமும் இளையோர்க்குத் தீங்கு தரும் வெளியீடுகள் பற்றிய சட்டத்தை இயற்றிற்று. ஆங்கிலச் சட்டம் படக்கதைகளையே பெரிதும் குறிக்க, இந்தியச் சட்டமோ படமில்லாக் கதைகளையும் உளப்படுத்தி, 20 வயது நிரம்பாதார் அனைவரையும் இளையோர் எனக் கொண்டது. எனினும் குற்றம், வன்செயல், கொடுமை, அருவருப்பு ஆகியவற்றைச் சித்திரிக்கும் கதைகளையே இரண்டும் தீங்கெனக் கருதின. இனிய படங்காட்டி இனிப்பு விற்கும் விளம்பரம் அவற்றின் வரம்பினுள் அடங்காது.

இரண்டாவது, சிறாரின் நிலையை நோக்கியது. கனடா நாட்டுக் கியூபெக் மாநிலம் 1978இல் இயற்றி 1980இல் நடைமுறைப்படுத்திய நுகர்வோர் காப்புச் சட்டம், 13 வயதிற்குட்பட்டோரை நோக்கிய வாணிக விளம்பரத்தைச் சில விலக்குகளோடு தடுத்தது. விளம்பரம் நன்றோ தீதோ என அது வினவவில்லை. யாரை நோக்கியது என்றே வினவிற்று. பொம்மை நிறுவனம் ஒன்று, இது கருத்துரிமைக்கு மாறென வழக்காடிற்று. விளம்பரமும் கருத்துவெளிப்பாடே என 1989இல் கனடா உச்சநீதிமன்றம் உடன்பட்டது. ஆயினும் அதன் வயப்படுத்தும் நோக்கத்தை இளஞ்சிறார் பகுத்துணர வல்லரல்லர் எனக் கண்டு, ஐவருள் மூவர் தீர்ப்பால் சட்டத்தை நிலைநிறுத்திற்று.

தீங்கு சொல்லப்படும் பொருளில் மட்டும் இல்லை. சொல்வோன் நோக்கத்தைக் கேட்போன் அறியாமையிலும் உளது. இதனை உணராத சட்டம் கொடிய கதையைத் தடுப்பினும், இனிய விளம்பரத்தின்முன் செயலற்று நிற்கும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் துணிபாம்.