செஞ்சிக்கோட்டையின் தண்ணீர்க் கணக்கு

கடந்த கோடையில் நம் போர்வெல்களில் ஒன்று வெறும் காற்றைத் தள்ளியதும், டேங்கர் லாரிக்காக எல்லோரும் காத்திருந்ததும் நினைவிருக்கும். சில வாரங்கள் கழித்து நம்மில் சில குடும்பங்கள் செஞ்சிக்கோட்டைக்குப் போயிருந்தோம். ராஜகிரியில் மூச்சுவாங்க ஏறும்போது ஒரு சிறுவன் கேட்டான்: “இவ்வளவு உயரத்தில் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?”

நல்ல கேள்வி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்ததுதான் செஞ்சிக்கோட்டை. மூன்றும் பாறைக்குன்றுகள். பாறை மழையை உறிஞ்சாது, நீர் வழிந்தோடிவிடும். அப்படி ஓடும் நீரை ஆங்காங்கே பிடித்து வைத்தார்கள். மலைமேல் சுனைகளும் மழைநீர்த் தொட்டிகளும் இருந்தன. அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம், ஆனைக்குளம் ஆகியவற்றை இன்றும் பார்க்கலாம். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வழியே தண்ணீர் வந்தது.

1677-ல் சிவாஜி இக்கோட்டையைப் பிடித்தார். 1689-ல் அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கினார். 1690-ல் முற்றுகையிட்ட மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது. அவரால் கோட்டையை முழுவதுமாக வளைக்க முடியாதது ஒரு காரணம். ஆனாலும் உள்ளேயே தண்ணீர் இல்லாமல் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

குளத்து நீர் குறைந்தால் அடுத்த படி வெளியே தெரியும். காவலாளி முதல் அரசர் வரை யாரும் அதைப் பார்க்கலாம். கிணற்றுக்கும் ஓர் எல்லை இருந்தது. கவலை இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். அதற்குள் கிணறு மறுபடி ஊறும். மோட்டார் களைப்பதில்லை. கடினப் பாறைப் பகுதியில் மேலடுக்கிலும் பாறை இடுக்குகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆழப் போகப் போக இடுக்குகள் குறையும். காலியானது நிரம்பவும் நாளாகும். அது நம் கண்ணுக்கும் தெரியாது.

ஆண்டில் ஊறுவதில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால்தான் அந்தப் பகுதி பாதுகாப்பானது என்கிறது மத்திய நிலத்தடி நீர் வாரியம். 100 சதவீதத்தைத் தாண்டினால் அது அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பகுதிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2019-ல் ஏரிகள் வறண்டபோது, சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

நாம் செய்யக்கூடியவை இரண்டு. மாதம் முதல் தேதி நம் பிளம்பரைக் கொண்டு போர்வெல் நீர்மட்டத்தை அளந்து, லிப்ட் அருகேயுள்ள அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது. ஐப்பசி மழைக்கு முன் மழைநீர்க் குழிகளில் மண்ணை அள்ளி, மணலையும் ஜல்லியையும் புதிதாகப் போடுவது.

இரண்டையும் அடுத்த பொதுக்குழுவில் முன்வைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தாலும் வந்து சொல்லுங்கள்.