கடைசல் வகுப்பு பிறந்த கதை

பம்பரம், மத்து, பூரிக்கட்டை, தொட்டில் கால், நாகசுரத்தின் உடல் எல்லாமே சுழலும் மரத்தில் உளி வைத்துக் கடைசல் பிடித்தவை. ஊருக்கு ஊர் கடைசல் பட்டறை இருந்த காலத்தில் இந்த வேலையைக் கற்க யாரும் கட்டணம் கட்டியதில்லை. பட்டறைக்காரர் மகனாகப் பிறந்தவனுக்கும் எடுபிடியாகச் சேர்ந்தவனுக்கும் தொழில் தானாகக் கைவந்தது. இன்று வங்கியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் வேலை பார்ப்பவர்கள் விடுமுறை நாளில் பணம் கட்டி லேத் என்ற கடைசல் எந்திரத்தின் முன்னால் நிற்கிறார்கள். இந்த வகுப்பு வந்த வழியைத் தேடிப் போனால், லேத்துக்குப் பக்கத்தில் காலியாகிப்போன ஓர் ஆளின் இடம் தெரிகிறது.

தொடக்கத்தில் கடைசல் இரண்டு ஆள் வேலை. எகிப்தில், ஏறத்தாழ கி.மு. 300ஐச் சேர்ந்த பெட்டோசிரிஸ் கல்லறைச் சுவரில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. மரத்தில் சுற்றிய வாரை ஒருவர் இழுக்கிறார், மற்றவர் உளி பிடிக்கிறார். வாரை இழுத்தால் மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். உளியை நோக்கி வரும் சுற்றில்தான் வெட்டு விழும், திரும்பும் சுற்று வீண். நம் பக்கத்துச் சான்று பாலி மொழியில் இருக்கிறது. மூச்சைக் கவனிக்கச் சொல்லும் சதிபட்டான சுத்தத்தில் புத்தர் காட்டும் உதாரணம், கடைசல்காரரும் அவருடைய மாணவரும். நீளச் சுற்றா, குறுஞ்சுற்றா என்பதை அறிந்தே செய்கிறவர்கள் அவர்கள். கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பதே அன்றைய படிப்பாக இருந்திருக்கும்.

பொழுதுபோக்காகக் கடைசல் பிடித்தவர்களில் அரசர்களும் பிரபுக்களும் முந்திக்கொண்டார்கள். 1701இல் பிரான்சின் லியோன் நகரில் சார்ல் புளூமியே கடைசல் கலைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவர் துறவி, தாவரவியலாளரும்கூட. நம் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரியின் அறிவியல் பெயரான புளுமேரியா அவர் நினைவாக வந்ததுதான். ரஷ்யப் பேரரசர் பீட்டருக்குக் கடைசலில் தீராத மோகம். நார்த்தோவ் என்ற தொழில்வல்லுநரை அரண்மனைப் பட்டறையில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அங்கே முறை தலைகீழானது. உளி முதலாளி கைக்குப் போனது, தொழிலாளி அருகில் நின்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த நூற்றாண்டில் லண்டனின் ஹோல்ட்சாப்ஃபெல் நிறுவனம் வசதி படைத்தவர்களுக்காகவே நுணுக்கமான லேத்துகள் செய்து விற்றது.

இந்த ஆசையைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தது மின்மோட்டார். கயிறு இழுத்த பட்டறைகளிலும் மரம் ஒரே திசையில் ஓயாமல் சுழன்றது, ஒருவரே போதுமென்றானது. கயிறு இழுத்தவருக்கு வேலை போயிற்று, அவரோடு பார்த்துப் படிக்கும் வழியும் போயிற்று. கொட்டகையில் லேத் வைத்திருந்தவர்களுக்கு அருகில் நின்று திருத்த ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்காவில் ஆர்வலர்கள் கூடத் தொடங்கினார்கள். 1976இல் ஆல்பர்ட் லெகாஃப் முதலானோர் பென்சில்வேனியாவில் கடைசலுக்கென்று கருத்தரங்கு கூட்டினர். 1986இல் அமெரிக்கக் கடைசல் கலைஞர் சங்கம் உருவானது.

இந்தியாவில் கடைசல் வகுப்பு பட்டறை வழியாகவே வந்தது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து பொம்மை செய்கிறார்கள். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் பிடிக்கும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். அம்பாசமுத்திரத்து மரச்செப்புக்கும் கடைசலும் அரக்கும்தான் அடிப்படை. பிளாஸ்டிக் வந்து இத்தகைய பொருள்களின் சந்தையைச் சுருக்கியது. பொம்மை வாங்க வருகிறவரைச் சற்று நேரம் லேத் முன் நிறுத்திக் கற்றுக்கொடுப்பது சென்னபட்டணத்தில் சிலருக்குப் புது வருமானமாயிற்று.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழக எல்லையை ஒட்டிய பகுதிகளில் இப்படி ஒரு வகுப்பு நடத்த மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் மறையூர்ச் சந்தனத்தை மறந்துவிட வேண்டும், அது அரசின் காவலில் உள்ள மரம். தேக்கும் ஈட்டியும் வனத்துறை விதிகளுக்கு உட்பட்டவை. கற்பவருக்கு உகந்தவை தோட்டத்தில் கழித்த பலா, மா, புளி. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கும் ஆகும். அதைக் கடைந்தால் மினுக்கும் ரேகைகள் தெரியும்.

பச்சை மரம் உளிக்கு எளிதாக வழிவிடும், காயும்போதுதான் வம்பு செய்யும். வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்பதால் வெடிப்பு விழும். அதனால் கிண்ணத்தை முதலில் தடிமனாகக் கடைந்து வைப்பார்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் என்பது வழக்கமான கணக்கு. மாதக்கணக்கில் காயவிட்டு, நெளிந்ததை மறுபடி கடைவார்கள். மூணாற்றின் மூடுபனியில் மெல்லக் காயும் கட்டை, பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றில் சீக்கிரமே வாய் பிளக்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே பாடம் பொருந்தாது. எந்தக் கட்டையை எங்கே, எவ்வளவு நாள் வைப்பது என்பதை உள்ளூர்க் கைகள்தான் சொல்ல முடியும்.

அந்தக் கைகள் இங்கே இருக்கின்றன. பாலக்காட்டுக்கு அருகே பெருவெம்பில் மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் செய்யும் குடும்பங்கள் உண்டு. பலாக்கட்டையின் குணம் அவர்களுக்கு அத்துப்படி. இதுபோன்ற ஊர்களில் மகன் வேறு வேலைக்குப் போனாலும், கற்க விரும்பி வரும் வெளியாள் உண்டு. கயிறு இழுத்தவருக்குப் பட்டறைக்காரர் கூலி கொடுத்தார். இப்போது அந்த இடத்தில் நிற்பவர் பட்டறைக்காரருக்குக் கட்டணம் கொடுக்கிறார். செய்த பொருளுக்கு விலை குறைந்த காலத்தில், செய்யத் தெரிந்ததற்கு விலை வந்திருக்கிறது. அந்த விலை லேத் வாங்கிப்போட்டு வகுப்பு நடத்துகிறவரோடு நின்றுவிடாமல், உளி பிடித்துப் பழகியவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.