அயர்லாந்துப் பப்

மது விற்கவும் அங்கேயே உட்கார்ந்து குடிக்கவும் உரிமம் பெற்ற கடைதான் அயர்லாந்துப் பப். சட்டப்படி இந்த விளக்கம் சரி. ஆனால் அயர்லாந்துக்காரர் எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் கண்ணில் பப் என்பது பேச்சுக்கூடம். பல ஊர்களில் அது மளிகைக்கடையாகவும், இரும்புக்கடையாகவும், பிணம் காக்கும் இடமாகவும்கூட இருந்திருக்கிறது. அதன் வரலாறு நெடுக இரண்டு பேர் மாறி மாறி வருகிறார்கள்: உள்ளூர்க்காரர், வழிப்போக்கர். இவர்களில் யார் எந்த நேரத்தில் குடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்க அரசு சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டது. ஒவ்வொரு சட்டத்திலும் மக்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றுவதற்கு முன் தீவில் நிலவியது ப்ரெஹன் சட்டம். விருந்தோம்பலுக்கென்றே அதில் 'ப்ரூகு' என்றொரு அந்தஸ்து உண்டு. அதைப் பெற ஒருவருக்கு ஏராளமான செல்வம் வேண்டும். வீடு பொதுவழியில் இருக்க வேண்டும், அடுப்பில் கொப்பரை எப்போதும் காய்ந்துகொண்டிருக்க வேண்டும், வருகிற யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இப்படிப் பிறருக்குச் சோறு போட்டே ஒருவர் சமூகத்தில் உயர்ந்த இடத்தைப் பிடிக்கலாம். இன்றைய பப்புக்கு இதை நேரடி முன்னோர் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பப்காரர்கள் இந்த உறவைக் கொண்டாடத் தயங்குவதில்லை.

பழமை கொண்டாடுவதில் போட்டியும் உண்டு. ஷானன் ஆற்றங்கரையில் அத்லோன் ஊரிலுள்ள ஷான்ஸ் பார், தான் கி.பி. 900 அளவில் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. 1970இல் அதைப் புதுப்பித்தபோது குச்சியும் மண்ணும் கலந்து கட்டிய பழஞ்சுவர் ஒன்று வெளிப்பட்டது. டப்ளினிலுள்ள ப்ரேஸன் ஹெட் தன் பலகையில் 1198 என்று எழுதி வைத்திருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடமோ 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஏடுகளில் உறுதியாகக் கிடைப்பது 17ஆம் நூற்றாண்டிலிருந்துதான். மதுக்கடைகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் 1635இல் வந்தது. அது எவ்வளவு கட்டுப்படுத்தியது என்பதை ஆங்கிலேய அறிஞர் வில்லியம் பெட்டி 1670களில் எழுதிய கணக்கு காட்டுகிறது: 4,000 குடும்பங்கள் வாழ்ந்த டப்ளினில் 1,180 மதுக்கடைகள். 1759 டிசம்பர் 31 அன்று ஆர்தர் கின்னஸ் அதே நகரத்தில் கைவிடப்பட்ட ஒரு மதுவடிசாலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு எடுத்தார். குத்தகைக் காலம் 9,000 ஆண்டுகள்.

அவர் பெயர் கொண்ட கறுப்பு பீரான கின்னஸை ஊற்றும் சடங்கை வெளியூர்க்காரர் எவரும் மறக்க மாட்டார். கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து முக்கால்வாசி நிரப்புவார்கள். பிறகு அதை மேடையில் வைத்துவிட்டுப் பரிமாறுகிறவர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். மரநிறத்தில் கலங்கிக் கிடப்பது மெல்லத் தெளிந்து, அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வரும். மேலே வெண்நுரை தனியாகப் பிரிந்த பின்பே மீதியை ஊற்றி நிமிர்த்துவார்கள். எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு நிமிடம். பழக்கமில்லாதவர் முதற்கட்டத்திலேயே குவளையை எடுக்கக் கை நீட்டுவார். பப்பே அதைப் பார்த்துச் சிரிக்கும். இது தொன்றுதொட்டு வருவது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் நைட்ரஜன் வாயு கலந்து ஊற்றும் முறை 1959இல் வந்தது. அதை உருவாக்கிய மைக்கேல் ஆஷ் கணிதம் படித்தவர்.

19ஆம் நூற்றாண்டில் பப்பும் பலசரக்குக் கடையும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. முன்பக்கம் தேயிலை, சர்க்கரை, ஆணி, பின்பக்கம் விஸ்கி. டிங்கிள் ஊரிலுள்ள டிக் மேக்ஸில் ஒரு பக்கம் தோல் சாமான், மறுபக்கம் மது. அதே ஊரின் ஃபாக்ஸி ஜான்ஸில் இன்றும் சுத்தியலுக்கும் பூட்டுக்கும் பக்கத்தில் நின்றே குடிக்கலாம். பிணத்தொழில் சேர்ந்த கதை வேறு. 1846இல் வந்த மரண விசாரணைச் சட்டத்தின்படி, திடீரென இறந்தவரின் உடலை விசாரணை முடியும்வரை பக்கத்துப் பப்பில் வைக்க வேண்டியிருந்தது. பீப்பாய்கள் இருக்கும் நிலவறை குளிர்ச்சியாக இருக்கும் அல்லவா. அப்படியே பல பப்காரர்கள் சவ அடக்கத் தொழிலையும் சேர்த்துக்கொண்டார்கள். டப்ளினின் கிளாஸ்நெவின் இடுகாட்டு வாசலை ஒட்டி 1833இல் தொடங்கிய ஜான் கவானாஸ் பப்பை ஊரே 'குழிவெட்டிகள்' என்றுதான் அழைக்கிறது. அங்கே பாட்டும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை.

குடிக்கு எதிர்ப்பும் இதே மண்ணில்தான் வளர்ந்தது. 1838இல் கார்க் நகரில் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்தார்கள். 1898இல் பயனியர் சங்கம் வந்தது. அதன் உறுப்பினர்கள் சட்டையில் இயேசுவின் திருஇருதயச் சின்னம் குத்திக்கொள்வார்கள். சின்னம் குத்தியவரும் பப்புக்கு வருவார், எலுமிச்சைப் பானத்தோடு உட்கார்ந்து கதை பேசுவார். பேச்சை எவரும் விலக்கவில்லை.

இனி சட்டங்களின் கதை. இதைவிட நல்ல நகைச்சுவையை அயர்லாந்து எழுத்தாளர்கள்கூட எழுதியதில்லை என்று சொன்னால் அவர்கள் கோபிக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் சட்டப்படி, அடைப்பு நேரத்திலும் 'உண்மையான வழிப்போக்கருக்கு' மது கொடுக்கலாம். முந்தைய இரவு எங்கே தூங்கினார் என்பதுதான் அளவுகோல். பொதுவாக மூன்று மைலுக்கு அப்பால், டப்ளின் போன்ற பெருநகரங்களில் ஐந்து மைலுக்கு அப்பால் தூங்கியிருக்க வேண்டும். குதிரைவண்டிக் காலத்துக் களைத்த பயணிக்காக எழுந்த கருணை அது. சைக்கிளும் மோட்டார் காரும் வந்ததும் நாடே பயணப்பட்டது. டப்ளின்காரர்கள் இரவு கடை அடைத்ததும் நகருக்கு வெளியே போய், ஐந்து மைல் கல்லைத் தாண்டிய முதல் பப்பில் இறங்கினார்கள். எதிர்ப்புறம் இருந்தவர்கள் நகரத்துப் பக்கம் வந்தார்கள். உள்ளூர்க்காரருக்குத் தன் தெருப் பப் மூடியிருக்கும், அடுத்த ஊர்ப் பப் திறந்திருக்கும். இந்தச் சலுகையை 1960ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஒழித்தது.

சுதந்திர அயர்லாந்தின் நீதியமைச்சர் கெவின் ஓஹிக்கின்ஸ் 1927இல் கடை நேரங்களை இறுக்கினார். நகரங்களில் பிற்பகல் ஒரு மணி நேரம் பப்பைக் கட்டாயமாக மூட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் வேலைக்குத் திரும்பட்டும் என்பது நோக்கம். மக்கள் அதற்குப் 'புனித மணி' என்று பெயர் வைத்தார்கள். நடைமுறையில் பல பப்களில் கதவை உள்ளே தாழிட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள். வேலைக்குத் திரும்ப நினைத்தவர்தான் மாட்டிக்கொண்டார். வாரநாள்களில் இது 1988 வரை நீடித்தது.

பெரிய வெள்ளியன்றும் மூடல், நாட்டின் காவல் புனிதரான பேட்ரிக்கின் திருநாளன்றும் மூடல். உலகெங்கும் அயர்லாந்தின் பேரைச் சொல்லிக் குடிக்கும் மார்ச் 17 அன்று அயர்லாந்திலேயே பப் இல்லை. இது 1960களின் தொடக்கம்வரை தொடர்ந்தது. விதிவிலக்காக டப்ளினில் மது கிடைத்த இடம் ராயல் டப்ளின் சங்கத்தின் நாய்க் கண்காட்சி. அன்று நாய்கள்மேல் திடீர் அன்பு கொண்டவர்கள் நிறைய. பெரிய வெள்ளியன்று ரயில் பயணிகளுக்கு நிலையத்தில் மது உண்டு என்பதால், எங்கும் போகாதவர்களும் அருகிலுள்ள ஊருக்கு மலிவான டிக்கெட் வாங்கினார்கள். 2018 மார்ச் 30 அன்றுதான் 90 ஆண்டுகளுக்குப் பிறகு பெரிய வெள்ளியில் பப்கள் திறந்தன.

பெண்களுக்கு இந்தக் கதவு தாமதமாகத்தான் திறந்தது. அவர்கள் வந்தால் 'ஸ்னக்' என்ற மரத்தடுப்பு அறைக்குள் உட்காருவார்கள். சிறு சன்னல் வழியாகக் குவளை வரும். ஊர்க்கண்ணுக்குத் தப்ப விரும்பிய பாதிரியாரும் போலீஸ்காரரும் அதே அறைக்குள்தான். பெண்களுக்கு முழுப் பைன்ட் (பெரிய குவளை அளவு பீர்) ஊற்ற மறுத்த பப்கள் 1970களிலும் இருந்தன. பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்ட்டியும் தோழியரும் டப்ளின் பப் ஒன்றில் நிறைய பிராந்தி வாங்கிவிட்டு, ஒரு பைன்ட்டும் கேட்டார்களாம். பைன்ட் மறுக்கப்பட்டதும் பிராந்திக்குக் காசு தராமல் வெளியேறினார்கள் என்பது அந்தக் காலத்துப் பெண்ணியர்கள் விரும்பிச் சொல்லும் கதை.

பப்பில் பாட்டுக்கச்சேரி தொன்மையானது என்பது பயணிகளின் நம்பிக்கை. உண்மையில் ஃபிடிலும் புல்லாங்குழலும் வீட்டு அடுக்களையிலும் நாற்சந்தி நடனங்களிலும் வாழ்ந்தன. 1935இல் வந்த நடனக்கூடச் சட்டம் வீட்டு நடனங்களை நசுக்கியது. பிழைப்புக்காக லண்டன் போனவர்கள் அறைவீட்டில் வாசிக்க இடமில்லாமல் அங்குள்ள பப்களில் கூடினார்கள். அந்தப் பழக்கம் பின்னர் தாயகத்திலும் பரவியது. 1960களில் டப்ளினின் ஓடோனஹூஸ் பப்பிலிருந்து 'தி டப்ளினர்ஸ்' குழு கிளம்பியது. கிளேர் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான டூலின், இந்த இசைக்காகவே ஐரோப்பிய இளைஞர்களை இழுத்தது. இன்றும் கச்சேரி மூலையில் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் வெளியூர்க்காரர் உட்கார்ந்தால், எவரும் எழச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாசிப்பவர் வந்து பக்கத்தில் நிற்பார்.

அயர்லாந்துக்காரரின் கேலி இப்படித்தான் இயங்கும். அறிமுகமில்லாதவரிடம் மரியாதை. நெருங்கியவரிடம் தலைமுடி, சொந்த ஊரின் ஹர்லிங் விளையாட்டு அணி, வாங்கிய புதுக்கார் எதையும் விடாத கிண்டல். இதற்கு 'ஸ்லாகிங்' என்று பெயர். தன்னைக் கிண்டல் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்றால் பயணி மகிழ வேண்டும். 'ரவுண்ட்' இன்னும் கறாரானது. ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த முறை மற்றவர் வாங்க வேண்டும். தன் முறை வருமுன் நழுவியவரின் பேர் ஊரில் பல ஆண்டு நிற்கும்.

எழுத்தாளர்களும் இதே கூரையின்கீழ் வளர்ந்தவர்கள். ஃபிளான் ஓபிரையன் என்ற பெயரில் நாவல் எழுதிய ப்ரையன் ஓநோலன், 1940 முதல் 1966இல் இறக்கும்வரை ஐரிஷ் டைம்ஸ் நாளிதழில் கிண்டல் பத்தி எழுதினார். 1954 ஜூன் 16 அன்று அவரும் கவிஞர் பேட்ரிக் கவானாவும் நண்பர்களும் இரண்டு குதிரைவண்டிகளில், ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் ஒரு நாள் பாதையை நகரெங்கும் சுற்றப் புறப்பட்டார்கள். வழியில் பப்கள் குறுக்கிட்டன. பாதியிலேயே பெய்லி என்ற பப்பில் யாத்திரை முடிந்தது. அந்த நாவலுக்காக ஆண்டுதோறும் கொண்டாடப்படும் ப்ளூம்ஸ்டே அப்படிப் பிறந்தது.

வெளியூர்க்காரரின் ஆசை பப்பின் உருவத்தையே மாற்றியிருக்கிறது. இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'தி குவயட் மேன்' படம் 1951இல் காங் கிராமத்தில் எடுக்கப்பட்டது. அதில் பப்பாகக் காட்டிய கட்டடம் அப்போது மளிகைக்கடை. பார்க்க வந்த ரசிகர்கள் பல பத்தாண்டுகள் ஏமாந்த பிறகு அது நிஜமாகவே பப் ஆனது. 1990களில் பப்பே கப்பலேறியது. டப்ளினில் கட்டடக்கலை படித்த மெல் மெக்நாலி தொடங்கிய ஐரிஷ் பப் கம்பெனி, கின்னஸின் ஆதரவோடு மேடை, ஸ்னக், தரைக்கல் எல்லாவற்றையும் செய்து கண்டெய்னரில் ஏற்றி உலகெங்கும் அனுப்பியது. குடிசை பாணி, விக்டோரியா பாணி, பழைய கடை பாணி என்று வாடிக்கையாளர் தேர்ந்துகொள்ளலாம். டப்ளினின் டெம்பிள் பார் பகுதிக்கும் இப்போது அதே சாயல். அங்கே விலை கேட்டு உள்ளூர்க்காரர் ஆற்றைக் கடந்துவிடுவார்.

2020இல் பெருந்தொற்று வந்தபோது பழைய விளையாட்டு திரும்பியது. அந்த ஜூன் 29 முதல், குறைந்தது ஒன்பது யூரோவுக்குச் சாப்பாடு வாங்குபவருக்கே பப்பில் மது. ஒன்பது யூரோச் சாப்பாடு நாடு முழுவதும் நகைப்புக்கிடமானது.

கிராமங்களில் நகைப்பு குறைவு. 2005க்கும் 2021க்கும் இடையே 1,800க்கும் மேற்பட்ட பப்கள் மறைந்தன. 1902ஆம் ஆண்டுச் சட்டம் புது உரிமங்களை ஏறக்குறைய நிறுத்திவிட்டதால், பழைய உரிமத்துக்கு விலை உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் அதை நாட்டின் எந்த மூலைக்கும் மாற்றலாம்; ஒரு கிராமத்துப் பப்பின் உரிமம் வேறெங்கோ சூப்பர்மார்க்கெட் அலமாரிக்குப் போய்ச் சேர்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பை 2011இல் குறைத்ததும், தொலைதூரப் பண்ணைகளின் முதியவர்கள் வீட்டோடு அடைந்தார்கள். 2013 ஜனவரியில் கெர்ரி மாவட்ட கவுன்சில், ஒதுக்குப்புறத்தில் வாழ்பவர்கள் இரண்டு மூன்று குவளை குடித்துவிட்டு மெதுவாக ஓட்டிப்போக அனுமதிச் சீட்டு கேட்டுத் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவரே பப் நடத்துபவர். அரசு மறுத்துவிட்டது. அதற்குப் பதிலாக 2018இல் கிராமப்புறங்களில் மாலை, இரவு நேரப் பேருந்துகளைச் சோதனையாக விட்டார்கள். பத்திரிகைகள் அதற்கு உடனே 'பூஸ் பஸ்', அதாவது குடிப் பேருந்து, என்று பெயர் சூட்டின.